ஹோபார்ட்டிலிருந்து அப்பாவுக்கு

ஹோபார்ட், ஆஸ்திரேலியா,
7-7-2024

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

வைகாசியில் நீங்கள் எழுதிய கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாமல் இருந்தது என் தவறுதான். ஏப்ரல் 29 அன்று வேலா பல்சர் துள்ளியது; அன்று முதல் அதன் பின்னாலேயே அலைகிறேன்.

மகன் என்ன வேலை செய்கிறான் என்று கடைக்கு வருபவர்கள் கேட்டால், கடிகார வேலைதான் என்று சொல்லுங்கள். வேலா என்பது வினாடிக்கு 11 முறை சுழன்று, சுற்றுக்கு ஒரு ரேடியோ துடிப்பை அனுப்பியபடி, நாளுக்கு நாள் வேகம் குறைந்துவரும் நட்சத்திரம்; இப்படித் துடிப்பதைத்தான் பல்சர் என்கிறோம். ஏறத்தாழ மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, யாரும் சாவி கொடுக்காமலே, அதன் வேகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு சட்டென்று கூடிவிடும்; அதுதான் துள்ளல். இதை 1969-இல் முதலில் கண்டவர்களில் ஒருவரான ராதாகிருஷ்ணன், சி. வி. ராமனின் மகன், நம் தண்டையார்பேட்டையில் பிறந்தவர் என்பதை மாமாவிடம் அவசியம் சொல்லுங்கள்.

2016 டிசம்பர் 12 அன்று, இங்குள்ள 26 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேலா துள்ளியது. அப்போது ஒரேயொரு துடிப்பு வராமலே போயிற்று. மிக அதிக ஆற்றல் கொண்ட ஒளியான காமாக் கதிரிலும் அப்படி ஏதேனும் மாறுகிறதா என்று தேடுவதே என் வேலை. ஆனால் ஃபெர்மி செயற்கைக்கோளுக்கு நூற்றுக்கணக்கான சுற்றுக்கு ஒரு காமாத் துகள்தான் வந்து சேர்கிறது என்பதால், ஒற்றைத் துடிப்பு விடுபட்டதா என்று பார்க்க வழியில்லை. துள்ளலுக்கு முன்னும் பின்னும் வந்ததை நாள்கணக்கில் சேர்த்துவைத்துத்தான் ஒப்பிட வேண்டும். வேறொரு பல்சரின் காமா ஒளி 2011 அக்டோபரில் ஒரே வாரத்துக்குள் 18 விழுக்காடு குறைந்திருக்கிறது. எனக்கு இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர், ஆப்பிள் தோட்டம் வைத்திருந்தவர், ஞாயிறுதோறும் கதவைத் தட்டி, "ஏதாவது கிடைத்ததா?" என்பார். இல்லை என்றால் துக்கம் விசாரிக்க வந்தவர்போல் நான்கு ஆப்பிளை வைத்துவிட்டுப் போவார். அதில் ஒன்றை ரசத்தில் போட்டுப் பார்த்தேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். குளிர் அதிகம்தான், ஆனாலும் ஹீட்டர் போட்டால் எனக்குத் தலை வலிக்கிறது, இரண்டு போர்வையே போதும்.

நேற்றிரவு வேலாவின் துடிப்பை ஒலியாக மாற்றிக் கேட்டேன். கடையில் சுவர்க்கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் அடித்துக்கொண்டிருக்க, நீங்கள் கண்ணில் லென்ஸோடு, தலை நிமிராமல், "சாப்பிட்டியாடா?" என்று கேட்பது நினைவுக்கு வந்தது. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டேன்.

கடையின் சொந்தக்காரர் கேட்கும் கூடுதல் அட்வான்ஸுக்கு இப்போதே ஒத்துக்கொள்ளாதீர்கள். பழைய ரசீது பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கும். வட்டிக்கு மட்டும் வாங்க வேண்டாம், செப்டம்பரில் அனுப்பப் பார்க்கிறேன். அம்மாவின் கண் ஆபரேஷன் தேதியை எழுதுங்கள். பாப்பாவின் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடிதான் வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தால், தை மாதம்வரை பொறுக்க முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்