உன் விண்ணப்பக் கட்டுரையைப் படித்த பிறகு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய விண்ணப்பக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பன்னாட்டு உறவுகளும் அரசியலும் பயில விரும்புவதற்குக் காரணமாக, உலக அமைதிக்கு உன்னால் இயன்றதைச் செய்ய வேண்டும் என்று தொடங்கியிருக்கிறாய். அது உன் உள்ளத்திலிருந்து வந்தது என்பதை நான் அறிவேன். ஆனால் உன்னை அறியாத பேராசிரியருக்கு அது எவரும் எழுதக்கூடிய வரியாகவே தோன்றும்.

இந்தத் துறையே அப்படியொரு விருப்பத்திலிருந்துதான் பிறந்தது. முதல் உலகப் போரின் அழிவைக் கண்டு, இனியொரு போர் வரக்கூடாது என்ற தவிப்பில்தான், 1919-இல் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித்தில் பன்னாட்டு அரசியலுக்கென முதல் பேராசிரியர் பதவி உருவாக்கப்பட்டது. 1936-இல் அதே பதவிக்கு வந்த ஈ.எச். கார், விருப்பத்தையே ஆய்வாகக் கொள்ளும் போக்கை, அடுத்த உலகப் போர் மூண்ட 1939-இல், கடுமையாக விமர்சித்து எழுதினார். உன் கட்டுரையைப் படிக்கப் போகிறவர்கள் அந்த விவாதத்தில் ஊறியவர்கள்.

பள்ளியில் படித்தபோது, பதினைந்து நாடுகள் அமரும் ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஒரே ஒரு நாடு மறுத்ததும் தீர்மானம் ஏன் தோற்றுவிடுகிறது என்று என்னிடம் கேட்டாயே, நினைவிருக்கிறதா? எனக்கு விடை தெரியவில்லை. நீயே தேடிப் போனாய். 1945-இல் கையெழுத்தான ஐ.நா. சாசனத்தில் இப்படித் தடுக்கும் அதிகாரத்தைக் குறிக்கும் ‘வீட்டோ’ என்ற சொல்லே இல்லை என்பதையும், நிரந்தர உறுப்பினர்களான ஐந்து நாடுகளின் இசைவும் வேண்டும் என்னும் 27-ஆம் பிரிவிலிருந்தே அந்த அதிகாரம் வருகிறது என்பதையும் பிறகு நீதான் எனக்கு விளக்கினாய். 1950-இல், சீனாவின் இருக்கை குறித்த பூசலால் சோவியத் ஒன்றியம் அவைக்கு வராமலிருந்தபோது கொரியப் போர் பற்றிய தீர்மானங்கள் நிறைவேறியதைப் படித்துவிட்டு, அப்படியானால் இசைவு என்பதற்கு என்னதான் பொருள் என்று மறுபடியும் கேட்டாய். நிரந்தர உறுப்பினர் வாக்களிக்காமல் ஒதுங்குவது வீட்டோ ஆகாது என்ற நடைமுறையைப் பன்னாட்டு நீதிமன்றம் நமீபியா குறித்த 1971-ஆம் ஆண்டுக் கருத்துரையில் ஏற்றுக்கொண்டதை நீ கண்டுபிடித்துச் சொன்ன இரவு, நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்பதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

இவற்றில் ஒரு வரிகூட உன் கட்டுரையில் இல்லை. சாசனத்தின் வாசகம் ஒன்றாக இருக்க, நாடுகள் அதற்கு வேறு பொருள் கொள்வது எப்படி என்பதுதான் உன் கேள்வி, அதிலிருந்தே தொடங்கு. எங்கே விடை கிடைத்தது, எங்கே இன்னும் குழப்பம் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் எழுது.

பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரை மட்டும் பார்க்காமல் பாடத்திட்டத்தைப் பார். ஓரிடத்தில் அரசியல் கோட்பாடு மேலோங்கியிருக்கும், வேறோரிடத்தில் புள்ளியியல். உனக்குப் பன்னாட்டுச் சட்டமும் சேர்ந்த படிப்பே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று சென்ற ஆண்டு நான் திரும்பத் திரும்பக் கேட்டது உன்னைப் புண்படுத்தியிருக்கும். அச்சத்தில் கேட்டேன், மன்னித்துவிடு. திருத்திய கட்டுரையை அனுப்பு, அன்றிரவே படித்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா