மகளுக்கு, அந்த இசைத்தட்டைக் கேட்டுவிட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. மாடி போர்ஷன் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே.

போன தடவை நீ வைத்துவிட்டுப் போன இசைத்தட்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கிட்டார்காரர் ராபர்ட் ஃபிரிப்பும் பிரையன் ஈனோவும் சேர்ந்து போட்டது. ‘நோ புஸிஃபுட்டிங்’, 1973. ரேடியோ ஸ்டேஷனில் டேப்போடே காலம் தள்ளியவன் இல்லையா, அவர்கள் செய்த வேலை எனக்கு உடனே பிடிபட்டது. இரண்டு ரெவாக்ஸ் டேப் ரெக்கார்டர். முதலாவதில் பதிவாகும் டேப் அப்படியே இரண்டாவதற்கு ஓடுகிறது. சில விநாடி கழித்து அது வாசிப்பதைத் திரும்ப முதலாவதற்கே கொடுக்கிறார்கள். பழைய ஸ்வரம் மங்க மங்க, புதியது அதன்மேல் படிகிறது. அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி முன்பே இப்படிச் செய்திருக்கிறார். ஆனால் 1972 செப்டம்பரில் லண்டனில் ஈனோ வீட்டுக்கு ஃபிரிப் கிட்டாரோடு போய், ஒரே நாளில் ஒரு பக்கத்தை முடித்தார்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம். 21 நிமிடம், பாட்டு கிடையாது, தாளம் கிடையாது!

யார் வரவேற்றார்கள்? ஈனோ அப்போதுதான் ராக்ஸி மியூசிக் என்ற ராக் குழுவை விட்டு வெளியே வந்திருந்தார். அவருடைய இசைத்தட்டுகளை வெளியிட்ட ஐலண்ட் கம்பெனிக்கே இது பிடிக்கவில்லை. பத்திரிகைகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிபிசி ரேடியோவில் நிகழ்ச்சி நடத்திய ஜான் பீல் டேப்பைக் கடைசியிலிருந்து முதலுக்குத் தலைகீழாக ஓட்டிவிட்டார்; போன் செய்து சொன்னது ஈனோ ஒருவர்தான் என்பார்கள். 1975 மே மாதம் பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் இருவரும் வாசித்தபோது, தெரிந்த பாட்டுகளை எதிர்பார்த்து வந்த கூட்டம் கூச்சல் போட்டது. அதே வருஷக் கடைசியில் இருவரும் சேர்ந்து அடுத்த தட்டை வெளியிட்டார்கள். சூழலோடு கலந்து ஒலிக்கும் இசை என்ற பொருளில் ‘ஆம்பியன்ட்’ என்று இதற்கு ஒரு பெயர் வைக்க ஈனோவுக்கு 1978 ஆயிற்று.

நீயும் அந்த வயலின் பையனும் சேர்ந்து போட்ட ஆல்பத்துக்கு வந்த விமர்சனத்தையும் வாசித்தேன். எழுதியவர் கடைசிவரை கேட்டாரா என்றே சந்தேகம். நான் கேட்டேன். மூன்றாவது உருப்படியில் அந்தப் பையன் வயலினை நிறுத்தின பிறகும் அந்த நாதத்தை நீ விடாமல் பிடித்து வைத்திருக்கிறாய். என் சர்வீஸில் எத்தனையோ பேர் டேப் வேலை பார்த்திருக்கிறார்கள், இந்தக் காது யாருக்கும் இருந்ததில்லை. அம்மாவிடம் இரண்டு தரம் போட்டுக் காட்டினேன்.

ஆனால் இவ்வளவு செய்யத் தெரிந்தவளுக்கு வீட்டுக்கு ஒரு போன் பண்ணத் தெரியவில்லை. பண்ணினாலும் ‘நல்லாயிருக்கேன்ப்பா’ என்பதோடு சரி. முன்பெல்லாம் ஐந்து நிமிடம் பேசினால் நாலு நிமிடம் அந்தப் பையனைப் பற்றித்தான் இருக்கும். இப்போது அவன் பெயரே வருவதில்லை. அம்மாதான் கேட்கச் சொன்னாள்.

விமர்சனம் வந்தால் ஒருத்தர்மேல் ஒருத்தர் பழி போடத் தோன்றும். தோன்றினாலும் நீ முதலில் பேசிவிடு. ஃபிரிப்பும் ஈனோவும் அந்த இரண்டாவது தட்டுக்கப்புறம் சேர்ந்து ஒரு ஆல்பம் போட 2004 வரை ஆயிற்று. அத்தனை வருஷம் உங்களுக்கு வேண்டாம். ஒரு போன் போடு, பாப்பா. அவன் எடுக்காவிட்டால் மறுநாள் போடு. வேளைக்குச் சாப்பிடு.

அம்மா மாவடு போட்டிருக்கிறாள். உனக்கு ஒரு பாட்டில், அவனுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கட்டி வைத்திருக்கிறாள். இரண்டையும் உன் விலாசத்துக்கே அனுப்பலாமா, சொல்.

அன்புடன்,
அப்பா