பள்ளிக் கழிப்பறைக்கு உதவுங்கள்: பள்ளி மேலாண்மைக் குழுவின் வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், வெளியூரில் வேலை பார்க்கும் நம் பள்ளியின் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

போன மாதக் கூட்டத்தில் ஒரு தாய் தன் மகளின் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறது. கேட்டால், "குடிச்சா ஒண்ணுக்கு வரும்மா" என்கிறாளாம். மற்ற அம்மாக்களும் அவரவர் வீட்டில் பார்த்தார்கள், அதே கதைதான். பள்ளிக் கழிப்பறையின் கதவு கீழ்ப்பக்கம் துருவேறி அரித்துப்போய்விட்டது, குழாயில் தண்ணீரும் இல்லை. பிள்ளைகள் நாள் முழுக்கத் தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். ஏன் என்பது அந்த பாட்டிலைப் பார்த்த அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது நம் பொறுப்பு. அதில் கழிப்பறையை முதலாவதாக எழுதி அனுப்பிவிட்டோம். ஆனால் நிதி வரும்வரை பிள்ளைகளைக் காக்கவைக்க மனம் வரவில்லை.

ஊரே பள்ளிக்குத் தோள் கொடுத்த காலம் உண்டு. காமராசர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்களே பள்ளிக்கு வேண்டியதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இன்றும் பல ஊர்களில் பள்ளிக்கு வேண்டிய பொருள்களை மேளதாளத்தோடு கல்விச் சீராக எடுத்துப் போகிறார்கள்.

நமக்குத் தேவை செங்கல், சிமெண்ட், இரண்டு கதவுகள், 1,000 லிட்டர் தொட்டி, மோட்டார், குழாய். நம் ஊர்க் கொத்தனார்கள் இருவர் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பணம் தர முடியாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மண் சுமந்தாலும் போதும்.

அப்புறம் ஒன்று. தொட்டி வாங்கித் தர ஆள் கிடைக்கும். தினமும் கழுவி வைப்பவருக்குச் சம்பளம் தரத்தான் ஆள் கிடைப்பதில்லை. பழைய கழிப்பறை பாழானதும் அப்படித்தான். அதனால், மாதம் 50 ரூபாய் வீதம் ஒரு வருடம் தருகிறோம் என்று முன்வரும் குடும்பங்களையே அதிகம் எதிர்பார்க்கிறோம்.

பணத்தை யார் கையிலும் கொடுக்க வேண்டாம், குழுவின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். கணக்கு விவரம் தலைமையாசிரியரிடம் கிடைக்கும். ஒவ்வொரு பில்லும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும், கிராம சபையிலும் வாசிக்கப்படும். 10 ரூபாய் தந்தவர் பெயரும் 10,000 ரூபாய் தந்தவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில்தான் இருக்கும்.

ஏப்ரல் கடைசிக்குள் பொருள் வந்து சேர்ந்தால், ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வேலையை முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
பெற்றோர்கள் சார்பில்,
பள்ளி மேலாண்மைக் குழு