பின்னால் விழும் வெளிச்சம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் வண்டியை நீயே ஓட்டத் தொடங்கிவிட்டாய் என்பதைப் படித்ததும் மனம் நிறைந்தது. இரவில் பிக்கப்பைப் பின்னால் எடுக்கும்போது ஒன்றுமே தெரிவதில்லை என்றும், ரிவர்ஸ் விளக்குகளையும் சரக்குத் தொட்டி விளக்கையும் எல்.இ.டி. பல்புக்கு மாற்றலாமா என்றும் கேட்டிருந்தாய். தாராளமாக மாற்றலாம். ஆனால், இருப்பதிலேயே அதிக வெளிச்சம் தரும் பல்பாகப் பார்த்து வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாயே, அதைத்தான் தடுக்க நினைக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் வாங்கினேன்.

நான் வாங்கிய எல்.இ.டி. பல்புகளின் நுனியில் ஒளி தரும் பெரிய சில்லு ஒன்றும் அதன் மேல் ஒரு வில்லையும் இருந்தன. பக்கவாட்டில் எதுவும் இல்லை. வண்டியின் பின்புறம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தி ரிவர்ஸ் கியர் போட்டபோது, கண் கூசும் இரண்டு வெள்ளை வட்டங்கள் சுவரில் விழுந்தன; எனக்கு ஒரே மகிழ்ச்சி. மூன்றாம் நாள் மழை இரவில் பின்னால் எடுத்தபோது, அந்த வட்டங்களுக்கு வெளியே நின்ற கல்தூண் இருட்டோடு இருட்டாகக் கலந்துவிட்டது. பின்கதவின் இடது மூலை உள்ளங்கை அகலத்துக்கு ஒடுங்கியது. பழைய மஞ்சள் பல்பே இருந்திருந்தால் அந்தத் தூண் மங்கலாகவேனும் தெரிந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

மறுநாள் விளக்குக் கூட்டைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் காரணம் விளங்கியது. பழைய பல்பின் இழை ஏறக்குறைய எல்லாத் திசையிலும் ஒளி வீசுகிறது. அதைச் சுற்றியுள்ள வெள்ளி நிறக் கிண்ணம், இழை இருக்கும் அந்த ஒரு புள்ளியைக் கணக்கில் கொண்டே வளைக்கப்பட்டிருப்பதால், பக்கவாட்டில் போகும் ஒளியைத் திரட்டிப் பின்புறமும் ஓரங்களும் தெரியும்படி பரப்புகிறது. நுனியில் மட்டும் சில்லு உள்ள பல்பைச் செருகினால் கிண்ணத்துக்கு வேலையே இல்லாமல் போகிறது. ஆகவே புதிய பல்பை வாங்கியதும் பழையதையும் அதையும் மேசை மேல் படுக்க வைத்து, அடிப்பகுதிகளை ஒரே கோட்டில் பொருத்திப் பார். பழையதில் மயிரிழைச் சுருள் எந்த உயரத்தில் இருக்கிறதோ, புதியதன் பக்கவாட்டுச் சில்லுகளும் அதே உயரத்தில், நாற்புறமும் இருக்க வேண்டும். நீளமும் முக்கியம், கொஞ்சம் நீண்ட பல்பு சில கூடுகளில் முன்னால் மூடியிருக்கும் வில்லையில் முட்டிக்கொள்ளும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் லூமென் கணக்கை, அதாவது வெளிச்சத்தின் அளவை, நம்பாதே. என் முதல் பல்பின் பெட்டியில் 2000 லூமென் என்று இருந்தது. மல்டிமீட்டரை இணைத்துப் பார்த்தபோது அது 13 வோல்ட்டில் 0.4 ஆம்பியர்தான் இழுத்தது, அதாவது ஐந்து வாட் சொச்சம். வாட்டுக்கு 100 லூமென் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 500ஐச் சற்றுத்தான் தாண்டும். அதுவும் குறைவில்லை, 921 என்ற எண்ணுள்ள பழைய பல்பு 18 வாட்டை எரித்துத் தருவது 300 லூமெனுக்கும் கீழே. உண்மையான 500 லூமென் சரியான இடத்திலிருந்து புறப்பட்டால் உனக்குப் போதும்.

இன்னொன்று. பல்பை வாங்கும் முன்பே, விளக்கை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் வயரைப் பார்த்துவிடு. இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தோடு மிக வேகமாக ஏறி இறங்கும். துருப்பிடித்த எர்த் இணைப்பில் ஒரு வோல்ட் வீணானாலே ஏறக்குறைய கால் பங்கு வெளிச்சம் போய்விடும். நீ பல வருடங்களாகச் சேற்றிலும் மழையிலும் ஓட்டுகிறாய்; பாதிக் குறை அங்கேயே இருக்கலாம். வில்லையின் மேல் படிந்த மஞ்சள் படலத்தையும் தேய்த்து எடுத்துவிடு.

சரக்குத் தொட்டி விளக்கு வேறு வகையான விஷயம். ரிவர்ஸ் விளக்கு ஒரு தடவைக்கு அரை நிமிடம் எரிந்தால் அதிகம். தொட்டி விளக்கோ, சுமை இறக்கும் வரை அரை மணி நேரம்கூட எரியும், அதுவும் காற்றே புகாத சிறிய கூட்டுக்குள். இழை பல்பின் வெப்பத்தில் பெரும்பகுதி கதிராக வெளியே போய்விடுகிறது, எல்.இ.டி.யின் வெப்பம் பின்பக்கமாக, அதன் உடல் வழியாகவே இறங்கியாக வேண்டும். இடமில்லையென்றால் சில்லு சூடேறி மங்கும், சீக்கிரமே சாகும். ஆகவே அங்கே இரண்டு மூன்று வாட்டுக்கு மேல் தேடாதே. போட்டபின் பதினைந்து நிமிடம் தொடர்ந்து எரியவிட்டு, வெளிச்சம் தணிகிறதா என்று பார். என் வண்டியில் அந்தப் பல்பு வில்லைக்கு இணையாகப் படுத்திருக்கிறது. எனவே அங்கேயும் நுனிச் சில்லால் பயனில்லை. ஒளியின் நிறம் 4000 கெல்வின் அளவில், அதாவது நீலம் கலக்காத வெள்ளையாக, இருந்தால் நல்லது. நீலம் கலந்த வெள்ளையில் ஈரத் தார்ப்பாயின் பளபளப்பு மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது, கயிற்று முடிச்சு தெரிவதில்லை. இப்போது முடிச்சின் ஒவ்வொரு புரியையும் பார்த்து அவிழ்க்கிறேன்.

இதில் எனக்குப் பிடித்த இலாபம் பேட்டரிக்குத்தான். தொட்டி விளக்கில் ஆளுக்கு ஓர் ஆம்பியர் இழுத்த பழைய இரண்டு பல்புகளையும் அணைக்க மறந்து பத்து மணி நேரம் தூங்கினால் 20 ஆம்பியர்-மணி காலி. புதியவை அதில் கால் பங்குகூட எடுப்பதில்லை.

உன் வண்டியில் கணினி இருந்தால், பல்பு எரிகிறதா என்று அது அவ்வப்போது சிறிய மின்துடிப்பை அனுப்பிச் சோதிக்கக்கூடும். அப்படியானால் எல்.இ.டி. அணைந்த பிறகும் மினுங்கலாம். இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால் பல்பு போய்விட்டதாக எச்சரிக்கையும் வரலாம். அதற்கு 6 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்க்கச் சொல்வார்கள். 14 வோல்ட்டில் அது 30 வாட்டுக்கு மேல் வெப்பமாக எரிக்கும். பிளாஸ்டிக்கின் மேல் வைத்தால் உருக்கிவிடும். அதைச் சேர்ப்பதைவிட, எச்சரிக்கை வராமல் தடுக்கும் மின்சுற்று உள்ளேயே அமைந்த பல்பைத் தேடுவது மேல். முடியாவிட்டால் அந்த மின்தடையை வண்டி உடற்பகுதியின் இரும்பில் திருகிப் பொருத்து.

செருகியதும் எரியவில்லை என்றால் பதறாதே, எல்.இ.டி.க்கு நேர், எதிர் திசை உண்டு, பிடுங்கித் திருப்பிச் செருகு. தொட்டி விளக்குக் கூட்டைத் திரும்ப மாட்டும்போது அதன் நுரை கேஸ்கெட் மடங்கியிருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பார்; மடங்கியிருந்தால் மழைநீர் நேராகக் கேபினுக்குள் இறங்கும். இழை பல்புக்கென அங்கீகரித்த விளக்கில் எல்.இ.டி. போடுவதைப் பல நாடுகள் கட்டுப்படுத்துகின்றன. உங்கள் பகுதி விதியைப் பார்த்துவிட்டே வாங்கு. ஓடும்போது தொட்டி விளக்கை எரியவிடாதே, பின்னால் வருபவர் தடுமாறுவார்.

இந்த வார இறுதியில் பழைய பல்புகளைக் கழற்றி, அவற்றில் உள்ள எண்களை எழுதி அனுப்பு. எந்தச் சில்லு அமைப்பு பொருந்தும் என்று வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்