காலையில் துடைக்கும் அந்த ஒரு துணியைப் பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் பட்டறையில் பாலிஷும் செராமிக் கோட்டிங்கும் (பெயின்டின் மேல் போடும் மெல்லிய காப்புப் படலம்) முடிந்து வண்டியை எடுத்துப்போன ஆறாவது மாதம் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கோடு தெரிகிறதே, போட்ட கோட்டிங் எங்கே போச்சு?" கோட்டிங் எங்கேயும் போகவில்லை. பெரும்பாலான வண்டிகளில் அந்தக் கோடுகளைப் போட்டது வெயிலும் இல்லை, மழையும் இல்லை. தினமும் காலையில் துடைக்கும் துணிதான். இந்த மடலில் மற்றதையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, காய்ந்த தூசியின் மேல் துணி வைக்கக்கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தூசியோடு நிற்கும் வண்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை. கெடுதல் துடைக்கும்போதுதான் வருகிறது.

தகரத்தின் மேல் முதலில் துரு பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம் தரும் பேஸ் கோட், கடைசியில் நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே நம் ஊர் வண்டிகளில் பொதுவாக 90 முதல் 130 மைக்ரான்தான் வரும். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பளபளப்பு முழுவதும் மேலே இருக்கிற கிளியர் கோட்டில் இருக்கிறது. அது 35 முதல் 50 மைக்ரான். சாலைத் தூசியில் மணல் நிறைய. மணல் என்பது குவார்ட்ஸ், கிளியர் கோட்டை விடப் பல மடங்கு கடினமானது. துணிக்கும் பெயின்டுக்கும் நடுவே அது மாட்டிக்கொண்டால் துணி எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் உப்புத்தாள் வேலைதான் செய்யும்.

அபார்ட்மென்டில் காலை ஆறு மணிக்கு நடப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு வாளி, ஒரு துணி, பதினைந்து வண்டி. மூன்றாவது வண்டிக்குள் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிடும், ஏழாவது வண்டிக்கு வரும்போது வாளி அடியில் கைக்குத் தட்டுப்படுகிற அளவுக்கு மண் இருக்கும். துணியைப் பிழிந்து அதே மண்ணோடு உங்கள் பானெட்டில் வட்டமாகத் தேய்க்கிறார்கள். துடைப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு வண்டிக்கு அரை வாளித் தண்ணீரும் நான்கு நிமிடமும் கிடைக்கிறவர் வேறென்ன செய்ய முடியும்? சம்பளத்தைக் குறைக்காமல் வேலையை மாற்றிக் கொடுங்கள். தினமும் முன் கண்ணாடி, பின் கண்ணாடி, சைடு மிரர், விளக்குகள், நம்பர் பிளேட் மட்டும். பெயின்டைத் தொடவே வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள் முறையாகக் கழுவினால் போதும். இறகுத் துடைப்பானும் பஞ்சு டஸ்டரும் இதே வகைதான், காரில் வைத்துக்கொள்ளாதீர்கள். வெட்ட வெளியில் நிறுத்துகிறவர்கள் போடும் கார் கவரும் அப்படித்தான்: காற்றில் படபடத்து, அடியில் இருக்கிற தூசியை நாள் முழுக்கத் தேய்க்கும். கழுவிக் காயவைத்த வண்டியை மூடிய ஷெட்டுக்குள் மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் மட்டும் கவர் போடலாம்.

வாரக் கழுவலை எப்படிச் செய்வது? முதலில் வண்டி சூடு ஆறியிருக்க வேண்டும். பானெட்டில் உள்ளங்கையை வைத்தால் சூடு தெரியக்கூடாது. கத்திரி வெயில் நாட்களில் காலை ஏழு மணிக்கு முன்போ, பொழுது சாய்ந்த பிறகோதான் இது நடக்கும். சக்கரங்களை முதலில் முடித்துவிடுங்கள், அதற்குத் தனி பிரஷ், தனித் துணி. பிரேக் பேடிலிருந்து உதிரும் இரும்புத்தூள் அங்கேதான் சேர்ந்திருக்கும், அந்தத் துணி எக்காரணத்துக்காகவும் பெயின்ட் பக்கம் வரக்கூடாது. அடுத்து, மேலிருந்து கீழாக வெறும் தண்ணீர். பிரஷர் வாஷர் என்றால் ஓர் அடிக்கு மேல் தள்ளிப் பிடியுங்கள். உரிந்த ஓரமோ டச்சப் செய்த இடமோ இருந்தால் இன்னும் தள்ளி. மண்ணில் பெரும்பகுதி இந்தக் கட்டத்திலேயே போய்விட வேண்டும். அவசரப்படுகிறவர்கள் இங்கேதான் தப்பு பண்ணுகிறார்கள்.

பிறகு இரண்டு வாளி. ஒன்றில் பத்து லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 30 மில்லி கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பு வாளியில் நனைத்து ஒரு பேனல் கழுவுங்கள், வெறும் தண்ணீர் வாளியில் அலசிப் பிழியுங்கள், மறுபடி ஷாம்பு. அலசும் வாளி அடியில் ஒரு சல்லடைத் தட்டு போட்டால் மண் கீழேயே தங்கும். கூரை, கண்ணாடி, பானெட், டிக்கி, கதவின் மேல் பாதி என்று வந்து, கதவின் கீழ்ப்பகுதியையும் பம்பரையும் கடைசியில் தொடுங்கள். மணல் அதிகம் ஒட்டியிருப்பது அங்கேதான். நேர்கோட்டில் இழுங்கள், வட்டம் போட வேண்டாம். கையுறை தரையில் விழுந்தால் அன்றைக்கு அதன் வேலை முடிந்தது. துடைப்பதற்குப் பெரிய மைக்ரோஃபைபர் டவலை விரித்துப் போட்டு மெல்ல இழுத்தால் போதும், அழுத்த வேண்டாம். இந்தத் துணிகளைத் தனியாகத் துவையுங்கள். துணி மணக்க ஊற்றும் கண்டிஷனர் மைக்ரோஃபைபர் இழைகளை அடைத்துவிடும், பிறகு அது தண்ணீரை உறிஞ்சாது.

துணி துவைக்கும் பவுடரும் பாத்திரம் தேய்க்கும் திரவமும் பெயின்டுக்கு வேண்டாம். வாக்ஸை அரித்து, ரப்பர் பீடிங்கை உலர்த்திவிடும்.

ஹோஸ் பைப்புக்கு அனுமதி இல்லாத அடுக்குமாடிகளுக்கு ரின்ஸ்லெஸ் வாஷ் என்று, கடைசியில் அலசத் தேவையில்லாத ஒரு வழி இருக்கிறது. பத்து லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 40 மில்லி அதற்கான கரைசல், அதில் ஊறவைத்த ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணிகள். ஒவ்வொன்றையும் நாலாக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகத்தால் ஒரே ஒரு இழுப்பு, பிறகு அடுத்த முகம். அழுக்கான துணி திரும்ப வாளிக்குள் போகக்கூடாது, மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது. சேறு அப்பிய வண்டிக்கு இது உதவாது, அதற்குக் குழாய்த் தண்ணீர் வேண்டும்.

இனி தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். சென்னையின் பல பகுதிகளில், குறிப்பாகக் கடலோரத்தில், போர் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். அந்தத் தண்ணீர் வண்டியில் காய்ந்தால் கால்சியமும் மெக்னீசியமும் வெள்ளை வட்டங்களாகத் தங்கிவிடும். கறுப்பு வண்டிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை மிச்சம் பிடித்துக் காருக்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணம் நல்லதுதான், ஆனால் உப்பு முழுவதும் செறிந்து நிற்பது அந்தத் தண்ணீரில். வீட்டு வாசல் கழுவுங்கள், காரை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் ஏ.சி. யூனிட்டிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடியுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. மெல்லிய துணியில் வடிகட்டி, கழுவி முடித்த வண்டியின் மேல் கடைசியாக ஊற்றினால் கறை நிற்காது. காசு செலவில்லாத யோசனை இது.

உப்புக் கறை வந்துவிட்டதா? வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து, துணியை நனைத்து, நிழலில் வைத்துக் கறை மேல் ஒன்றிரண்டு நிமிடம் போட்டு வையுங்கள். எடுத்துவிட்டு நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் தெறித்த சிமென்ட் புள்ளிக்கும் இதே வைத்தியம் பலிக்கும், இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கலாம். நகத்தால் சுரண்டாதீர்கள். வினிகருக்கும் அசையவில்லை என்றால் கறை பெயின்டுக்குள் இறங்கிவிட்டது, இனி மெஷின் பாலிஷ்தான்.

பறவை எச்சத்தில் அமிலம் இருக்கிறது என்பது தெரிந்த விஷயம். வெயில் அதோடு சேர்ந்துகொள்கிறது. சூட்டில் கிளியர் கோட் இளகி விரிகிறது, மேலே எச்சம் காய்ந்து இறுகுகிறது. சாயங்காலம் குளிரும்போது கிளியர் கோட் அதைச் சுற்றிச் சுருங்கிப் பிடித்துக்கொள்கிறது. மே மாதத்தில் ஒரு பகல் போதும், தடம் விழுந்துவிடும். டிஷ்யூ பேப்பரைத் தண்ணீரில் நனைத்து அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு, ஊறிய பிறகு அப்படியே தூக்கி எடுங்கள். தேய்க்க வேண்டாம். மரத்தடியில் நிறுத்தினால் ஒட்டும் பிசுபிசுப்புக்கும் சுடச்சுட இல்லாத வெந்நீரும் ஷாம்புவும் போதும், அன்றன்றைக்கே என்றால். மாம்பால் மட்டும் பொல்லாதது. மாமரத்தடியில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். தாருக்கு மண்ணெண்ணெய் போடுகிறவர்கள், தார் போனதும் அந்த எண்ணெய்ப் படலத்தையும் ஷாம்பு போட்டு எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த நாள் தூசி முழுவதும் அதில்தான் ஒட்டும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் வெள்ளை வண்டிகளில் பார்க்கும் சேதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பக்தியில் குறுக்கே வரவில்லை, இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்கிறோம். சந்தனமும் குங்குமமும் முன் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வையுங்கள். கண்ணாடியில் எதுவும் ஊறாது. பானெட்டில் வைத்தே ஆக வேண்டும் என்றால் அன்று மாலையே தண்ணீர் விட்டு எடுத்துவிடுங்கள். மஞ்சள் கறை தங்கிவிட்டால் பதற வேண்டாம், தொடர்ந்து சில நாள் வெயில் பட்டால் மஞ்சளின் நிறம் தானே வெளுத்துவிடும். சாயம் கலந்த குங்குமம் அப்படிப் போகாது. விபூதியை மூன்று விரலால் இழுத்துப் பட்டை போடும்போது அது நுண்ணிய பாலிஷ் பவுடர் மாதிரி வேலை செய்யும். கறுப்பு வண்டியில் அந்த மூன்று கோடு அடுத்த பூஜை வரைக்கும் நிற்கும். வாழைக்கன்றையும் மாலையையும் கட்டுக்கம்பியால் கட்டாமல் நூலால் கட்டுங்கள். பூசணிக்காயை வண்டியை விட்டுப் பத்தடி தள்ளி உடையுங்கள்.

இப்போது கோட்டிங். சிலிக்கா சார்ந்த ஒரு திரவம் அது, இறுகினால் சுமார் ஒரு மைக்ரான் படலம். தண்ணீர் ஒட்டாது, அழுக்கு லேசில் போகும், எச்சத்துக்கும் உப்புக்கும் கொஞ்சம் அவகாசம் தரும். அவ்வளவுதான். "9எச்" என்று விளம்பரங்களில் வருவது பென்சில் கடினத்தன்மைச் சோதனையின் அளவு, வைரத்தோடு ஒப்பிடும் கணக்கு இல்லை. மணல் அதைக் கீறும். ஹைவேயில் லாரி கிளப்பும் கல்லையும் அது தடுக்காது. அதற்கு பெயின்டின் மேல் ஒட்டும், 150 மைக்ரானுக்கு மேல் தடிமனுள்ள பி.பி.எஃப். என்ற காப்பு ஃபிலிம்தான் வழி, குறைந்தது பானெட் முனைக்கும் முன் பம்பருக்குமாவது. கோட்டிங் போட்டால் பத்து வருஷம் கழுவவே வேண்டாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

போட்ட முதல் 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது, ஏழு நாளைக்கு ஷாம்பு கூடாது. ஐப்பசி மழையில் தேதி கேட்டால் நாங்கள் தயங்குவது இதனால்தான். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை கழுவியபின் சிலிக்கா ஸ்ப்ரே அடித்துத் துடைத்தால் படலம் நீடிக்கும். தண்ணீர் முத்து முத்தாக நிற்பது நின்றுபோனால் கோட்டிங் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் உப்பும் இரும்புத்தூளும் மேலே அடைத்திருக்கும். அயர்ன் ரிமூவர் அடித்தால் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழியும், அதை அலசியபின் ஒரு வினிகர் கழுவல். பாதிக்கு மேற்பட்ட வண்டிகளில் முத்து திரும்பி வந்துவிடும். அப்படியும் வராவிட்டால் கொண்டு வாருங்கள்.

டிங்கரிங் பார்த்துப் புதிதாக பெயின்ட் அடித்த பேனல் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 30 நாள் ஆகாமல் அதன் மேல் வாக்ஸோ கோட்டிங்கோ போடக்கூடாது, உள்ளே இருக்கும் தின்னர் வெளியேற வேண்டும். சொல்லாவிட்டாலும் பெயின்ட் தடிமனை அளக்கும் மீட்டர் காட்டிக்கொடுக்கும்: 100 மைக்ரான் காட்ட வேண்டிய இடத்தில் 300 காட்டினால் இரண்டாம் பெயின்ட், அதற்கும் மேலே போனால் அடியில் பட்டி.

கடைசியாக, வருஷா வருஷம் பாலிஷ் கேட்பவர்களுக்கு. காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை போட்டு ஒருமுறை முழுதாகக் கோடு எடுக்கும்போது கிளியர் கோட்டில் ஒன்று முதல் மூன்று மைக்ரான் குறைகிறது. அது திரும்ப வளராது. சில பட்டறைகளில் கிளியர் கோட் குறையாமலே கோடு மறைந்ததாகக் காட்டுவார்கள். எண்ணெய்ப் பசை உள்ள கிளேஸ் கோடுகளை நிரப்பி மறைத்திருக்கும், இரண்டு கழுவலில் எல்லாம் திரும்பி வந்துவிடும். பாலிஷ் முடிந்ததும், அந்தப் பசையை எடுத்துவிடும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒரு இடத்தைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள், எங்களிடமும் அப்படியே கேளுங்கள். உங்கள் பில்லோடு ஒவ்வொரு பேனலின் மைக்ரான் அளவையும் எழுதித் தருகிறோம். அந்தத் தாளை ஆர்.சி. புத்தகத்தோடு வைத்து, அடுத்த முறை கொண்டு வாருங்கள். 80 மைக்ரானுக்குக் கீழே போன பேனலில் மெஷின் வைக்க மாட்டோம், எவ்வளவு வற்புறுத்தினாலும். கையால் கிளேஸ் போட்டு, மறைத்திருக்கிறோம் என்று பில்லிலேயே எழுதித் தருவோம்.

இப்படிக்கு,
டீடெய்லிங் பட்டறையினர்