எட்டணா இருக்கும்போதே

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் சுகம். நல்லமிளகு பறித்து முற்றத்தில் காயப் போட்டிருக்கிறோம். மழை வருமோ என்று மணிக்கு ஒருதரம் அப்பா வானத்தைப் பார்க்கிறார். போனில் பேசினால் "ஒரு வேலையா இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை ராத்திரி எட்டு நாற்பதுக்கு எனக்கு ஒரு போன் வந்தது. உன் பெயரைச் சொல்லி, நீ என் மகன்தானா என்று கேட்டான். ஆமா என்றேன். அதற்குப் பிறகு அவன் பேசினதை எழுத மாட்டேன். நீ ஏதோ கடன் ஆப்பில் பணம் வாங்கியிருக்கிறாய், கட்டவில்லை, என் நம்பரை உன் போனிலிருந்து எடுத்திருக்கிறான், அவ்வளவு புரிந்தது. தெருவில் எல்லோருக்கும் சொல்லிவிடுவேன் என்றான். "சொல்லு மக்கா, நான் இருபத்தாறு வருஷம் கூட்டுறவுச் சங்கத்துல கடன் வசூல் பண்ணுனவ. எட்டு மணிக்கு முன்னாலயும் ஏழு மணிக்குப் பிறகும் கடன் கேட்டு போன் பண்ணக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொன்னது உனக்குத் தெரியாதா" என்றேன். வைத்துவிட்டான். வைத்த பிறகு எனக்குக் கை நடுங்கியது. அது வேறு விஷயம்.

உன்னைத் திட்ட எழுதவில்லை. நீ மறைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. மறைப்பது எப்படி என்று உனக்குக் கற்றுக்கொடுத்ததே நாங்கள்தான். குலசேகரம் வீட்டை விற்றுவிட்டோம் என்று உன்னிடம் சொன்னோம் அல்லவா? நாங்கள் விற்கவில்லை. வங்கி ஏலம் விட்டது. நீ அப்போது கோயம்புத்தூரில் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். பரீட்சை கெட்டுவிடும் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து பொய் சொன்னோம். பரீட்சை முடிந்தும் உண்மையைச் சொல்லவில்லை.

முழுசாகச் சொல்கிறேன். 2011-ல் ரப்பர் ஷீட் கிலோ 240 ரூபாய் வரை போனது உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கு பைக் வாங்கித் தந்த வருஷம். அந்த விலையை நம்பி அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து வியாபாரக் கடன் வாங்கினார், பதினொரு லட்சம். விலை இறங்க ஆரம்பித்தபோது "ஏறும், ஏறும்" என்று ஷீட்டை அடுக்கி வைத்தார். 2016 தொடக்கத்தில் அது நூறு ரூபாய்க்கும் கீழே போனது. இடையில் என்ன செய்தார் தெரியுமா? மார்த்தாண்டத்தில் ஒரு ஆளிடம் பத்து வட்டிக்கு இரண்டு லட்சம் வாங்கினார். மாதம் இருபதாயிரம் வட்டி. பதினாலு மாதம் கட்டினார். இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கட்டிய பிறகும் முதல் இரண்டு லட்சம் அப்படியே இருந்தது.

வங்கி கேட்டது மாதம் பன்னிரண்டாயிரம் வட்டி. அதைக் கட்டவில்லை. ஏன்? வங்கிக்காரர் கடிதம் அனுப்புவார், கடிதம் சத்தம் போடாது. பத்து வட்டிக்காரன் காலையில் வாசலில் பைக்கை நிறுத்தி ஹாரன் அடிப்பான். சத்தம் போட்டவனுக்குப் பணம் போனது, வீட்டை எடுக்கக்கூடியவன் சும்மா இருந்தான். தொண்ணூறு நாள் வட்டி நின்றதும் கணக்கு வாராக்கடன் ஆனது. அறுபது நாள் கெடு வைத்து நோட்டீஸ் வந்தது. அப்பா அதைப் பிரிக்காமல் பரணில் வைத்தார். கடைசியில் பேப்பரில் நம் வீட்டுச் சர்வே நம்பர் வந்ததைப் பக்கத்து வீட்டு டீச்சர்தான் எனக்குக் காட்டினாள்.

நான் சங்கத்தில் உட்கார்ந்து ஊரார் கடனையெல்லாம் எழுதியவள். தவணை தவறின ஆள் என்னைக் கண்டால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுவான். வாழையில் நஷ்டம் வந்த உடனே வந்து "இந்தத் தவணை முடியாது, என்ன செய்யலாம்" என்று கேட்டவனுக்குத் தவணையை மாற்றிக் கொடுக்க வழி இருந்தது. இரண்டு வருஷம் ஒளிந்துவிட்டு வந்தவனுக்குச் செயலாளர் நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது, ஃபைல் எங்கள் கையை விட்டுப் போயிருக்கும். இவ்வளவும் தெரிந்த எனக்கு என் வீட்டுப் பரணில் இருந்தது தெரியவில்லை. இதை நினைத்தால் இப்போதும் வெப்ராளமாக வருகிறது.

அப்பா மஞ்சக் கடுதாசி கொடுத்ததும் உனக்குத் தெரியாது. கல்யாணக் கடுதாசிக்கும் மஞ்சள் தடவுகிறோம், திவாலுக்கும் மஞ்சள் என்கிறோம், என்ன ஊரோ. 2016 கடைசியில் சப் கோர்ட்டில் மனு போட்டார். போடுவதற்கு ஒரு வருஷம் முன்னால் யாரோ சொன்ன புத்தியைக் கேட்டு, ரப்பர் நின்ற அறுபது சென்டைச் சித்தப்பா பெயருக்கு செட்டில்மென்ட் எழுதி வைத்திருந்தார். அது போய்விட்டது. மனு போடுவதற்கு முந்தின இரண்டு வருஷத்துக்குள் இப்படிச் சும்மா எழுதிக் கொடுத்ததைக் கோர்ட் ரத்து செய்யலாம். மூன்று மாதத்துக்குள் ஒரு கடன்காரனுக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்ததும் செல்லாது. இடமும் போனது, சித்தப்பாவோடு பேச்சும் போனது. அதனால்தான் உன் தங்கை கல்யாணத்தில் அவர்கள் பந்திக்கு வராமல் போனார்கள். நீ அதற்கு வேறு காரணம் நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

இதை எழுதும்போது அப்பா திண்ணையில் இருந்து, "அவன்ட்ட அந்த எட்டணா காரியத்த எழுது" என்கிறார். எழுதுகிறேன்.

2016-ல் புதுத் திவால் சட்டம் வந்துவிட்டதே என்பாய். அதில் தனி ஆட்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. உன்னைப் போல ஒற்றை ஆளாக லேத் பட்டறை வைத்திருப்பவனுக்கு இன்னும் வெள்ளைக்காரன் காலத்து 1920 சட்டம்தான். அந்தச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. ஈடு இல்லாத கடன்களுக்கு எதிராக உன் சொத்து ரூபாய்க்கு எட்டணா, அதாவது பாதி அளவுக்காவது தேற வேண்டும். தேறாவிட்டால், அது உன் குற்றம் இல்லை என்று நிரூபித்தால் ஒழிய கடனிலிருந்து முழு விடுதலை கிடைக்காது. கணக்குப் புத்தகம் ஒழுங்காக வைக்கவில்லை என்றாலும், நொடித்துவிட்டோம் என்று தெரிந்த பிறகும் வியாபாரத்தைத் தொடர்ந்தாய் என்றாலும் அதே கதிதான். அப்பாவின் வக்கீல் பேப்பரையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "போன வருஷம் வந்திருந்தா எட்டணாவுக்கு மேலேயே இருந்திருக்கும். இப்ப ரெண்டணாகூட இல்லையே" என்றார். விலை விழுந்தது அப்பா குற்றம் இல்லை, கோர்ட்டும் அதை ஒப்புக்கொள்ளும். விலை விழுந்த பிறகு பத்து வட்டிக்கு வாங்கினதற்கு யாரைக் குற்றம் சொல்ல? வீட்டை ஈடு பிடித்த வங்கியை அந்த மனு தொடவும் இல்லை. ஈடுள்ளவன் ஈட்டை எடுத்துக்கொள்வான்.

நீ அந்த அளவுக்கு வந்துவிட்டாய் என்று சொல்லவில்லை. உன் கடன் எவ்வளவு என்றே எனக்குத் தெரியாதே. உனக்கே தெரியுமா என்றும் சந்தேகம்.

திங்கட்கிழமை நான் நாகர்கோவில் போனேன். வங்கிகள் நடத்தும் நிதிக் கல்வி மையம் என்று ஒன்று மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறது, கோவையிலும் உண்டு. காசு வாங்குவதில்லை. அங்கே இருந்தவர் வங்கியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். உன் பெயரைச் சொல்லவில்லை, "தெரிந்த பையன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் நான்கு கட்டம் கிழித்தார். யாருக்கு, எவ்வளவு, வட்டி என்ன, நான்காவது கட்டத்தில் "கட்டாவிட்டால் இவரால் எதை எடுக்க முடியும்". மெஷின் கடனுக்கு மெஷினை எடுப்பார்கள். நகைக்கடனுக்கு நகை. கிரெடிட் கார்டுக்காரன் கேஸ் போடலாம், ஆனால் நாளைக்கே வந்து பட்டறைக்குப் பூட்டுப் போட முடியாது. ஆப்பில் வாங்கினதற்கு ஈடே கிடையாது, கூச்சல் மட்டும்தான். நான்காவது கட்டத்தைப் பார்த்துத்தான் பணம் கட்டும் வரிசையைத் தீர்மானிக்க வேண்டும் என்றார். எனக்குக் குலசேகரம் வீடு கண்ணில் வந்தது. அவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். பூர்த்தி செய். அப்பா பெயரில் வாங்கினது, தங்கை வீட்டுக்காரரிடம் வாங்கினது, எல்லாம். மருமகளிடமும் காட்டிவிட்டு எழுது. அவள் வளையல் இரண்டு மாதமாகக் கையில் இல்லை என்பது வீடியோ காலில் எனக்குத் தெரிந்தது. நான் கேட்கவில்லை.

மெஷின் கடனுக்குத் தவணை நின்று எத்தனை நாள் ஆச்சு? தொண்ணூறு ஆகவில்லை என்றால் இந்த வாரமே வங்கிக்குப் போ. ஆர்டர் குறைந்த கணக்கு, வர வேண்டிய பாக்கி, எல்லாம் கையில் கொண்டுபோய்த் தவணையை மாற்றித் தரக் கேள். எழுத்தில் கொடுத்து, வாங்கினதற்குக் கையெழுத்து வாங்கு. முப்பது நாளில் பதில் இல்லை என்றாலோ, திருப்தி இல்லை என்றாலோ வங்கிகள் மேல் வரும் புகாரை விசாரிக்கிற ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம், அதற்கும் காசில்லை.

யாரிடமாவது வெறும் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாயா? இருந்தால் அதை முதலில் சொல். கடன் கட்ட முடியாத ஏழையை, கையில் வைத்துக்கொண்டு ஏமாற்றாதவனைக் கடனுக்காகச் சிறையில் போடக் கூடாது என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, கொச்சி வங்கி ஒன்றின் வழக்கில், கிருஷ்ணய்யர் எழுதினது. அதனால் "ஜெயிலுக்கு அனுப்புவேன்" என்று போனில் சொல்பவனுக்குப் பயப்படாதே. ஆனால் காசோலை திரும்பினால் அது கிரிமினல் வழக்கு. நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து பதினைந்து நாள்தான் உனக்கு. அப்பாவைப் போலப் பரணில் வைத்தால் அந்தப் பதினைந்து நாளும் பரணிலேயே போய்விடும்.

அந்த ஆப் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற ஏதாவது நிறுவனத்தின் பெயரில் நடக்கிறதா என்று பார். உன் போனில் உள்ள நம்பர்களை எடுக்கவே அவனுக்கு அனுமதி இல்லை, 2022-ல் இருந்தே. படத்தை மாற்றி அனுப்புவேன், அது இது என்றால் சைபர் குற்றப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிடு. அவனுக்குக் கட்ட இன்னொரு ஆப்பில் மட்டும் வாங்காதே. "உங்கள் கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள், வங்கிக்குக் கட்டுவதை நிறுத்துங்கள்" என்று சில கம்பெனிகள் கிளம்பியிருக்கின்றன. மையத்தில் இருந்தவர் அதைச் சொல்லும்போது மட்டும் குரலை உயர்த்தினார்.

வக்கீல் வேண்டுமென்றால் கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-ல் கேட்கலாம். உனக்கு வருமானம் பார்ப்பார்கள். மருமகளுக்குப் பெண் என்பதாலேயே இலவசம். வங்கியோடு பேசித் தீர்க்க லோக் அதாலத்தும் உண்டு.

நாங்கள் என்ன தருவோம் என்று கேட்பாய், அல்லது கேட்கக் கூசுவாய். என் பென்ஷனில் மாதம் ஐயாயிரம் தர முடியும். இந்த வீட்டை ஈடு வைக்கச் சொன்னால் முடியாது. முடியாது என்பதை இப்போதே எழுதி வைக்கிறேன், நேரில் உன் முகத்தைப் பார்த்தால் சொல்ல வராது. பட்டறை நிற்குமா, மூடத்தான் வேண்டுமா என்பதை அந்தத் தாள் நிறைந்த பிறகு பேசலாம். மூடினாலும் இங்கே மரச்சீனியும் சாளைக் கறியும் இருக்கிறது, தக்கலையிலும் லேத் இருக்கிறது.

சனிக்கிழமை ராத்திரி நாகர்கோவில் வண்டியில் ஏறு. பிரிக்காத கவர் எத்தனை இருந்தாலும் பிரிக்காமலே ஒரு பையில் போட்டுக் கொண்டு வா, சேர்ந்து பிரிப்போம். காலையில் அப்பா ஸ்டேஷனுக்கு வருவார். இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லாததை எப்படி ஆரம்பிப்பது என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறார். பஸ்ஸில் நீயே அந்த ரப்பர் பேச்சை எடுத்துக் கொடு.

அன்புடன்,
அம்மா