அப்பாவின் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குத் துணைநின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும், மருத்துவ இயற்பியலாளருக்கும், செவிலியர்களுக்கும், தொழில்நுட்பர்களுக்கும் வணக்கம்.

என் அப்பாவின் புராஸ்டேட் புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. அவருடைய இடது நெஞ்சில், தோலுக்கு அடியில், ஐ.சி.டி. என்னும் கருவி இருக்கிறது; இதயம் ஆபத்தான வேகத்தில் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கினால் மின்னதிர்ச்சி கொடுத்து அதைச் சீராக்கும் கருவி அது. புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கப் போய் இதயத்தின் காவல் பழுதாகிவிடுமோ என்று நாங்கள் அஞ்சியபோது, நீங்கள் வெறும் ஆறுதல் சொல்லி அனுப்பவில்லை. அந்த அச்சத்தை ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு, விடை கிடைக்கும்வரை உழைத்தீர்கள்.

முதல் நன்றி, பதிவு செய்யும்போதே “உடம்புக்குள்ள பேஸ்மேக்கர் மாதிரி ஏதாவது வச்சிருக்காங்களா ஐயா?” என்று கேட்ட செவிலியருக்கு. சிகிச்சை அடிவயிற்றில்தானே, நெஞ்சில் இருப்பதை எதற்குச் சொல்வது என்றிருந்த அப்பா, அவர் கேட்ட பிறகே சட்டைப்பையிலிருந்து கருவியின் அடையாள அட்டையை எடுத்தார். அந்த அட்டையைப் பார்த்துக் கருவியின் நிறுவனம், மாதிரி, பொருத்திய தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அன்றே இதயவியல் பிரிவுக்கும் அவர் தகவல் கொடுத்தார். பிறகு வந்த பாதுகாப்பு ஏற்பாடுகள் அத்தனையும் அந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தவை.

கதிரின் அளவைக் கணக்கிட்டுச் சிகிச்சைத் திட்டம் வகுக்கும் மருத்துவ இயற்பியலாளருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அடிவயிற்றுக்கும் நெஞ்சுக்கும் உள்ள தூரத்தால், சிதறி வந்து கருவியைத் தொடும் கதிரின் அளவு மிகக் குறைவாகவே இருக்கும் என்றும், 1994-இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் பேஸ்மேக்கர்களுக்கு வரம்பாகச் சொன்ன 2 கிரேயின் (கிரே என்பது உள்வாங்கிய கதிரின் அலகு) அருகில்கூட அது வராது என்றும் அவர் முதலில் கூறினார். அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் தூரம் மட்டுமே காப்பாற்றிவிடாது என்பதையும் பொறுமையாக விளக்கினார்: கதிர்வீச்சு இயந்திரத்தை 10 மெகாவோல்ட்டுக்கு (கதிரின் ஆற்றலைக் குறிக்கும் அளவு) மேல் இயக்கினால், அதன் தலைப்பகுதியிலுள்ள டங்ஸ்டன் போன்ற கன உலோகங்களில் எக்ஸ் கதிர்கள் மோதி நியூட்ரான்கள் கிளம்பும், அவை அறையெங்கும் பரவி நெஞ்சுவரை எட்டும், கருவியின் மின்னணுச் சில்லில் போரான் கலந்த பகுதி இருந்தால், அது நியூட்ரானை விழுங்கி ஆல்ஃபா துகளை உமிழும், அதனால் நினைவகத்தில் பதிந்த தகவல் புரண்டு, அப்பாவுக்கென்றே அமைத்த அளவுகளை விட்டுவிட்டுக் கருவி அடிப்படை நிலைக்குத் திரும்பிவிடவும் கூடும். அதே சங்கம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையும், கதிரின் அளவோடு நியூட்ரான்களையும் சேர்த்தே ஆபத்தைக் கணிக்கச் சொல்கிறது.

ஆழத்தில் இருக்கும் உறுப்புக்கு 15 அல்லது 18 மெகாவோல்ட் பயன்படுத்தும் வழக்கம் உண்டாம். அப்பாவுக்கு அதைத் தவிர்த்து, பல கோணங்களிலிருந்து கதிரின் செறிவை மாற்றி மாற்றிச் செலுத்தும் முறையில் 6 மெகாவோல்ட்டிலேயே திட்டம் வகுத்தார். முதல் அமர்வில் கருவிக்கு மேலே தோலில் கதிரை அளக்கும் ஓர் அளவியை ஒட்டி, தான் கணக்கிட்டதையும் அளந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே திருப்தி அடைந்தார். நோயாளிகள் பெரும்பாலும் முகம் பார்க்காத பணி இது. மேரி கியூரி பிறந்த நவம்பர் 7-ஐ உலக மருத்துவ இயற்பியல் நாளாகக் கொண்டாடுவதை நான் இப்போதுதான் அறிந்தேன்; இனி ஒவ்வோர் ஆண்டும் எங்கள் வீட்டிலிருந்து அவருக்கு ஒரு வாழ்த்து வரும்.

இதய மருத்துவருக்கும் அவருடைய குழுவினருக்கும் நன்றி. சிகிச்சை தொடங்கும் முன்பும், நடுவிலும், முடிந்த பின்பும் கருவியின் மின்கலம், கம்பிகள், பதிவாகியிருந்த துடிப்புகள் ஆகியவற்றைச் சோதித்தீர்கள். அப்பாவின் நிலையை ஆராய்ந்து, அமர்வு நேரத்தில் மட்டும் கருவியின் மேல் காந்தம் வைத்து மின்னதிர்ச்சியை நிறுத்திவைக்க முடிவு செய்தீர்கள். பேஸ்மேக்கரில் காந்தம் வைத்தால் அது பொதுவாக ஒரே சீரான வேகத்துக்கு மாறிவிடும், ஐ.சி.டி.யிலோ அதிர்ச்சி மட்டும் நிற்கும், துடிப்பூட்டும் வேலை தொடரும் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அம்மாவுக்கு மூச்சு வந்தது.

சிகிச்சை அறையின் தொழில்நுட்பர்களே, கனத்த கதவு மூடியபின் உள்ளே அப்பா தனியாகத்தான் படுத்திருந்தார். கேமராவில் அவர் முகத்தையும், விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரில் நாடித்துடிப்பையும் நீங்கள் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உடலுக்கு வெளியிலிருந்து இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் கதவருகிலேயே தயாராக நின்றது. அமர்வு முடிந்ததும் காந்தத்தை எடுத்தாகிவிட்டதா என்று இருவர் தனித்தனியாகச் சரிபார்த்துக் கையெழுத்திட்டதை நான் கவனித்திருக்கிறேன். காந்தம் மறதியாய் அங்கேயே இருந்துவிட்டால் அப்பா காவலின்றி வீடு திரும்புவார் என்பதை உணர்ந்தவர்களின் கவனம் அது.

சக்கர நாற்காலி தள்ளிய ஊழியர்களுக்கும், காத்திருப்பு அறையில் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்த சக நோயாளிகளுக்கும் எங்கள் அன்பு.

கருவியின் அடுத்த சோதனைக்கு அப்பா தேதி வாங்கிவிட்டார். நீங்கள் கேட்டபடி அதன் அறிக்கையின் நகலைக் கதிர்வீச்சுப் பிரிவுக்கும் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
மகள், குடும்பத்தார் சார்பில்